இழுப்பறைக் கத்தியும் இடுப்புக் கத்தியும்

என்னிடம் கையால் செய்த கத்திகள் இரண்டு இருக்கின்றன. முதலாவது டமாஸ்கஸ், அதாவது வெவ்வேறு எஃகுகளை அடுக்கி அடித்துச் செய்தது. அலகு முழுக்க நீரலை மாதிரி வரிகள், பிடியில் பித்தளைப் பூண், முதுகுத் தடிமன் 5 மில்லிமீட்டர். வாங்கிய வாரத்தில் பத்துப் பேருக்காவது காட்டியிருப்பேன். மரம் சீவியது மொத்தமே இரண்டு தடவை. முதல் தடவை, தீ மூட்டுவதற்காகக் காய்ந்த குச்சி ஒன்றின் நுனியைச் சுருள் சுருளாகச் சீவப் பார்த்தேன். சுருள் வரவில்லை, சிம்பு சிம்பாகப் பிளந்துகொண்டு வந்தது. வாய் கூர்தான். ஆனால் கூருக்குப் பின்னால் உடனே தடிமன் ஏறிவிடுவதால், அறுப்பதற்குப் பதில் ஆப்பு மாதிரி மரத்தை விலக்கியது. இரண்டாம் தடவை வரியில் கீறல் விழுந்தது. துணியில் சுற்றி இழுப்பறையில் வைத்தவன்தான்.

அதன் பிறகு மூன்று வருடம் காட்டுக்கு என்னோடு வந்தது, சுவீடனில் செய்யும் சாதாரண மோரா கத்தி. 2.5 மில்லிமீட்டர் அலகு, பிளாஸ்டிக் பிடி. கீழே போடுவேன், மண்ணில் கிடக்கும், எடுத்துத் துடைத்துக்கொள்வேன். இன்னொரு கைவினைக் கத்தி வாங்க ஆசை வந்தபோது, அது மோராவை விட எதில் எனக்கு உதவ வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொண்டேன். பதில் தெரியவில்லை. அதனால் இரண்டு மாதம் ஒரு குறிப்பேட்டில், கத்தியை எடுத்தபோதெல்லாம் எதற்கு எடுத்தேன் என்று எழுதி வைத்தேன்.

பார்த்தால், பெரும்பகுதி சீவுவதும் செதுக்குவதும்தான். கூடார முளை, பாத்திரம் தொங்கவிடும் கொக்கி, கரண்டி, தீ மூட்டும் சுருள். அடுத்தது சமையலுக்கு நறுக்குவது. கத்தியின் முதுகில் கட்டையால் தட்டி விறகு பிளந்தது நான்கே தடவை, அதுவும் மணிக்கட்டுத் தடிமன் குச்சிகள். இந்த நான்கு தடவைக்காகத்தான் 5 மில்லிமீட்டர் வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

பிடிக்கு வேறு வழி பார்த்தேன். வீணான பலகைத் துண்டில் பிடியின் வடிவத்தைச் செதுக்கி, அதையே கையில் பிடித்து அழுத்திப் பார்த்தேன். முதல் மாதிரியில் விரல்களுக்குப் பள்ளம் வைத்திருந்தேன். நேராகப் பிடிக்கும்போது அருமையாக இருந்தது. கத்தியைத் திருப்பி, வாய் வெளிப்பக்கம் பார்க்க, நெஞ்சோடு அணைத்துச் சீவும் பிடிக்கு மாற்றினால், அதே பள்ளங்களின் மேடு விரலைக் குத்தியது. பள்ளத்தை எடுத்தேன். மூன்றாவது மாதிரி வெறும் முட்டை வடிவக் குறுக்குவெட்டு, நடுவில் லேசான தொப்பை. அரைமணி நேரம் பிடித்தும் சுண்டுவிரல் அடியில் சிவக்கவில்லை. இந்தக் கட்டைத் துண்டுதான் மொத்தத் தேர்விலும் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது.

கத்தி செய்பவர்கள் மூவரிடம் பேசினேன். ஒருவர் எஃகின் பெயரையே பத்து நிமிடம் சொன்னார். இன்னொருவர் தன் கத்திக்குச் சாணையே தேவைப்படாது என்றார், அங்கேயே விட்டுவிட்டேன். மூன்றாமவர் கேட்ட முதல் கேள்வி, "எதை வெட்டப் போறீங்க?" குறிப்பேட்டைக் காட்டினேன். நான் வரைந்திருந்த 4 மில்லிமீட்டரை அடித்து 3 என்று எழுதினார். ஓ1 என்ற கருவி எஃகு, 800 டிகிரி செல்சியஸ் அளவில் காய்ச்சி எண்ணெயில் முக்கிக் குளிர்விப்பது, பிறகு 200 டிகிரியைச் சற்றுத் தாண்டிய சூட்டில் இரண்டு முறை பதம். கடினம், ராக்வெல் என்ற அளவுகோலில் 59. இன்னும் கடினமாக வேண்டுமா என்றதற்கு, காட்டில் கையால் தீட்ட முடிகிற கத்திதான் உங்களுக்கு நல்லது என்றார்.

வாய்க்கு ஸ்காண்டி சாய்வு. இரண்டு பக்கச் சாய்வும் நேராக ஓடி விளிம்பில் சந்திக்கும். முதுகை, தீப்பொறி எழுப்பும் ஃபெரோ குச்சியை உரசுவதற்குச் செங்கோண விளிம்பாகக் கேட்டேன். மோராவில் நான் ஏங்கியது இதற்குத்தான். ஆனால் பிடியை ஒட்டிய 4 சென்டிமீட்டரை மட்டும் மழுக்கச் சொன்னேன். அழுத்திச் சீவும்போது கட்டைவிரல் உட்காரும் இடம் அது.

கத்தி வந்த முதல் நாளே காய்ந்த கணுவில் செருகி, பக்கவாட்டில் திருகினேன். வாயில் ஒரு மில்லிமீட்டருக்குப் பொக்கை விழுந்தது. தப்பு என்னுடையது. ஆனாலும் வயிறு எரிந்தது. செய்தவரிடம் சொன்னபோது, பொக்கை மறையும்வரை தீட்டிவிட்டு, கடைசியில் கத்தியின் முதுகை ஒரு நூல் உயர்த்தி மூன்று நான்கு இழுப்பு இழுக்கச் சொன்னார். விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சாய்வு விழும்; சீவும் தன்மை கொஞ்சம் குறையும், உறுதி கூடும். 400 எண் சொரசொரப்புக் கல்லில் தொடங்கி, அதைவிட மென்மையான 1000-இல் முடித்தேன். சாய்வில் மார்க்கர் மை பூசிக்கொண்டால், கல் எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்று தெரிந்துவிடுகிறது. ஸ்காண்டியில் கோணத்தைத் தேட வேண்டியதில்லை, சாய்வைக் கல்லில் படுக்க வைத்தால் போதும். ஆனால் அத்தனை அகலத்தையும் தேய்க்க வேண்டும், கை வலித்துவிடும்.

இரண்டாம் மாதம் அடுத்த பாடம். மழையில் நனைந்த தோலுறைக்குள் கத்தியை ஒரு ராத்திரி விட்டுவிட்டேன். காலையில் பழுப்புப் புள்ளிகள். ஓ1 துருப்பிடிக்கும் என்று தெரிந்தேதான் வாங்கினேன், தெரிந்தது வேறு, பார்ப்பது வேறு. தேய்த்து எடுத்து, எண்ணெய் தடவினேன். இப்போது கத்தியையும் உறையையும் தனித்தனியாகக் காயவைத்த பிறகுதான் சேர்க்கிறேன். புளிப்புப் பழங்கள் நறுக்கி நறுக்கி அலகில் சாம்பல்-நீலப் படலம் ஏறியிருக்கிறது. துரு முன்பு போலச் சட்டென்று பிடிப்பதில்லை.

எட்டு மாதம் ஆகிறது. அலகு முழுக்கக் கல்லின் கீறல்கள், பிடி கைபட்டுக் கறுத்துவிட்டது. போன வாரம் ஒரு கரண்டி முடித்தேன், குழிவுப் பகுதியைத் தவிர எல்லாம் இந்தக் கத்தியாலேயே. உறையின் அடித்தையல் மட்டும் விட்டுவருகிறது. அடுத்த வேலை அதுதான். மெழுகு நூல் வாங்கி வைத்திருக்கிறேன்.