எல்லா மேசைகளும் பூனைகள்

அலுவலகத்தில் பதவி உயர்வுத் தேர்வுக்குச் சுற்றறிக்கை வந்தது. நாற்பத்தி நாலு வயதில் இதெல்லாம் எனக்கு எதற்கு என்று மடித்து வைத்துவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரி விண்ணப்பம் போட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டதும் நானும் போட்டேன். காரணம் அவ்வளவுதான், பெரிதாக ஒன்றுமில்லை.

பாடத்திட்டத்தில் விதிமுறைகள், கணக்கு எல்லாம் போக ‘தர்க்கத் திறன்’ என்று ஒரு பகுதி. அதற்குள் சில்லாஜிசம். பெயரைக் கேட்டபோது ஏதோ வைட்டமின் குறைவினால் வருவது என்றுதான் நினைத்தேன். மகன் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு, அவனும் ஏதேதோ போட்டித் தேர்வுகளுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறான். “ரொம்ப சுலபம்மா. ரெண்டு வாக்கியம் குடுப்பான், ரெண்டு முடிவு குடுப்பான். எந்த முடிவு சரியா வருதுன்னு சொல்லணும். அஞ்சு விடைதான். முதல் முடிவு மட்டும், ரெண்டாவது மட்டும், ரெண்டுல ஏதோ ஒண்ணு, ரெண்டுமே இல்ல, ரெண்டுமே சரி” என்று சொல்லி, தன்னுடைய பழைய பயிற்சிப் புத்தகத்தைத் தூக்கி என் முன்னால் போட்டான்.

முதல் கேள்வி இப்படி இருந்தது.

எல்லா மேசைகளும் நாற்காலிகள். எல்லா நாற்காலிகளும் பூனைகள். முடிவு ஒன்று: எல்லா மேசைகளும் பூனைகள். முடிவு இரண்டு: சில பூனைகள் மேசைகள்.

நான் பென்சிலால் ஓரத்தில் ‘அச்சுப் பிழை’ என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். அதில் எல்லாப் பேருந்துகளும் மேகங்களாக இருந்தன. மூன்றாவதில் சில ஆசிரியர்கள் செருப்புகள். அதில் மட்டும் எனக்கு முழு சம்மதம்.

பத்துக் கேள்விகளில் இரண்டு சரி. மகன் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். “அம்மா, ஒவ்வொரு கேள்விக்கும் அஞ்சு விடை. படிக்காமயே கண்ணை மூடிக்கிட்டு டிக் அடிச்சாலும் சராசரியா பத்துக்கு ரெண்டு வரும்.”

“அப்படின்னா?”

“நீ ஒரு மணி நேரம் யோசிச்சதால எந்த நஷ்டமும் வரலைன்னு சொல்றேன்.”

அப்புறம் உட்கார்ந்து விளக்கினான். கொடுத்த வாக்கியம் உண்மையா பொய்யா என்று நாம் பார்க்கக் கூடாது. மேசை பூனை என்று எழுதியிருந்தால் அது பூனைதான். மியாவ் என்று கத்துமா, நாலு கால் இருக்கிறதா என்பதெல்லாம் நமக்கு வேண்டாத வேலை. அந்த வாக்கியங்களை அப்படியே ஒப்புக்கொண்டால் வேறு வழியே இல்லாமல் என்ன வந்து விழுகிறதோ அதுதான் முடிவு. மேசையெல்லாம் நாற்காலிக்குள்ளே, நாற்காலியெல்லாம் பூனைக்குள்ளே. ஆகவே மேசையெல்லாம் பூனைக்குள்ளே. சில பூனைகள் மேசைகளாகத்தானே இருந்தாக வேண்டும்? ஆக இரண்டு முடிவுமே சரி.

எனக்கு இது மனசுக்கு ஒப்பவில்லை. நான் தமிழ் இலக்கியம் படித்தவள். மணிமேகலையில் அளவை வாதத்தை, அதாவது அந்தக் காலத்துத் தர்க்க முறையை, பாடமாகப் படித்திருக்கிறேன். ‘இந்த மலையில் நெருப்பு இருக்கிறது’ என்பது பக்கம், ‘புகை இருப்பதால்’ என்பது ஏது, ‘அடுக்களையைப் போல’ என்பது திட்டாந்தம். அதன் பிறகு, அதை இந்த மலைக்குப் பொருத்திச் சொல்வது உபநயம், முடித்துச் சொல்வது நிகமனம். என்ன மரியாதையான ஏற்பாடு! சொல்வதற்கு ஒரு சான்று கேட்கிறார்கள், அதையும் நாம் தினம் பார்க்கிற அடுக்களையிலிருந்தே எடுத்துத் தருகிறார்கள். இங்கே என்னடா என்றால் உலகத்தையே வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வா என்கிறார்கள். இதை மகனிடம் ஒரு பத்து நிமிடம் சொன்னேன். “சூப்பர்மா. ஆனா அரிஸ்டாட்டில் வேற மாதிரி ஆரம்பிச்சுட்டாரு. ரெண்டாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, இனிமே அவர்கிட்ட பேச முடியாது” என்றான்.

பூனையும் மேசையும்கூடப் பழகிவிட்டன. பொய்யென்று தெரிவதால் எச்சரிக்கையாக இருந்துவிடுகிறோம். என்னைக் கவிழ்த்தது உண்மை.

எல்லா மீன்களும் நீரில் வாழ்பவை. எல்லாச் சுறாக்களும் நீரில் வாழ்பவை. முடிவு: எல்லாச் சுறாக்களும் மீன்கள்.

முடிவு சரி என்று போட்டேன். அப்பாடா, இப்போதாவது புத்தி தெளிந்து ஒரு கேள்வி கேட்டார்களே என்றிருந்தது. தப்பு என்றான்.

“டேய், சுறா மீன்தானேடா?”

“மீன்தான்மா.”

“அப்புறம் என்ன தப்பு?”

“சுறாவை எடுத்துட்டு அந்த இடத்துல திமிங்கலத்தைப் போட்டுப் பாரு.”

போட்டுப் பார்த்தேன். எல்லா மீன்களும் நீரில் வாழ்பவை. எல்லாத் திமிங்கலங்களும் நீரில் வாழ்பவை. ஆகவே திமிங்கலம் மீன். திமிங்கலம் குட்டி போட்டுப் பால் கொடுக்கிற ஜாதி என்பது எனக்கே தெரியும். வாக்கியங்களின் சட்டகம் அதேதான், பிடியில் மாட்டியிருக்கிற பிராணிதான் வேறு. சுறா மீன் என்பது எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்ததால், அந்த இரண்டு வாக்கியங்களும் அதைச் சொல்வதாக நினைத்துக்கொண்டேன். அவை சொல்லவே இல்லை. அன்று இரவு படுத்த பிறகும் இது உறுத்திக்கொண்டே இருந்தது. வாழ்க்கையில் இப்படி எத்தனை சுறாக்களுக்குத் தலையாட்டியிருப்பேன்!

இந்த மாதிரி மூன்று வாக்கியக் கோவைகளில் மொத்தம் 256 வடிவங்கள் உண்டாம். பழைய முறைப்படி அவற்றில் 24 மட்டுமே செல்லுபடியாகும். மீதமுள்ள 232 வடிவங்களையும் நான் ஒரே வாரத்தில் முயன்று பார்த்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

இதற்கு நடுவில் இன்னொரு விவகாரம். ஒருநாள் மகன் மொட்டை மாடியில் நின்று ஃபோனில் பேசிக்கொண்டிருந்தான். துணி எடுக்கப் போன என் காதில் விழுந்தது: “மத்ததெல்லாம் சந்தேகம்டா. பார்பரா மட்டும் எப்பவுமே ஏமாத்தாது.” துணியை எடுக்காமலே இறங்கி வந்துவிட்டேன். இரண்டு நாள் பார்பராவைப் பற்றியே யோசனை. எந்த ஊர்ப் பெண், என்ன படிக்கிறாள், இவன் ஏன் ‘ஏமாத்தாது’ என்று அஃறிணையில் பேசுகிறான். மூன்றாம் நாள் தாங்காமல் கேட்டேவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தான். ‘எல்லாம்’ என்று வருகிற வாக்கியத்துக்கு ஆங்கில ‘ஏ’ எழுத்து அடையாளமாம். மூன்று வாக்கியமும் ‘எல்லாம்’ என்று வந்தால் மூன்று ‘ஏ’. மூன்று ‘ஏ’ வருகிற பெயராகப் பார்த்து, மனப்பாடத்துக்கு வசதியாக பார்பரா என்று இடைக்காலத்து ஐரோப்பிய வாத்தியார்கள் வைத்திருக்கிறார்கள். அதாவது மேசை, நாற்காலி, பூனை என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போகிற வரிசைதான் பார்பரா. சுறாவிலும் மூன்று ‘ஏ’ உண்டு, ஆனால் வரிசை அப்படி இல்லாததால் அது பார்பரா இல்லையாம். ஒரு பக்கம் நிம்மதி. இன்னொரு பக்கம், உண்மையைச் சொன்னால், கொஞ்சம் ஏமாற்றம்.

அத்தை, அதாவது என் மாமியார், இந்த விஷயத்துக்குள் வந்தது தற்செயலாகத்தான். நான் மேசையில் தாளைப் பரப்பி வைத்து முனகிக்கொண்டிருந்தேன். அவர் எதிரே தண்ணீர் டம்ளருடன் உட்கார்ந்திருந்தார்.

“சில மேசைகள் நாற்காலிகள். சில நாற்காலிகள் பூனைகள். ஆகவே சில மேசைகள் பூனைகள்” என்று படித்துவிட்டு, “சரிதானே” என்று டிக் அடிக்கப் போனேன்.

“அது வேற நாற்காலியா இருந்தா?” என்றார் அத்தை.

“என்ன அத்தை?”

“மேசையா இருக்கற நாற்காலி வேற, பூனையா இருக்கற நாற்காலி வேறயா இருந்தா என்ன பண்ணுவே?”

மகன் அறையிலிருந்து ஓடி வந்தான். டம்ளரின் அடியில் ஈரம் இருந்ததால் மேசைமேல் ஒரு வட்டம் பதிந்திருந்தது. அவன் டம்ளரைக் கொஞ்சம் நகர்த்தி வைத்து எடுத்தான். முதல் வட்டத்தைப் பாதி மேலேறி இரண்டாவது வட்டம் வந்தது. “இது மேசை, இது நாற்காலி. மேல ஏறியிருக்குல்ல, அதுதான் ‘சில’.” பிறகு இன்னும் தள்ளி, நாற்காலியின் மறுபக்கத்தை மட்டும் கடிப்பது போல் மூன்றாவது வட்டம் வைத்தான். பூனை மேசையைத் தொடவே இல்லை. “பாட்டி சொன்னது இதுதான்!” என்றான். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதல் வட்டம் ஒரு ஓரத்தில் காய்ந்து அரைவட்டமாகிவிட்டது. ஆனாலும் புரிந்தது.

வட்டம் போட்டு இதைச் சொல்லித்தருகிற வழக்கம் கணித மேதை ஆய்லரால் பரவியதாம். 1760-களில் ஒரு ஜெர்மானிய இளவரசிக்குப் பாடமாக எழுதிய கடிதங்களில் அவர் வட்டங்களை வைத்தே விளக்கியிருக்கிறார். அதற்கு நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து 1880-ல்தான் இங்கிலாந்துத் தர்க்கவியலாளர் ஜான் வென் தன் வட்டப் படங்களைக் கொண்டுவந்தார். இளவரசிக்குக் கடிதம், எனக்கு டம்ளர். சரி, அவரவர் ராசி.

அத்தை எப்படி இதில் கெட்டி என்று மகனுக்கு ஆச்சரியம். எனக்கு ஆச்சரியமே இல்லை. நாற்பது வருஷமாகச் சொந்தக்காரர்களின் பஞ்சாயத்துகளை ஃபோனிலேயே தீர்த்துவைப்பவர். “எல்லாரும் என்னைப் பத்தி அப்படித்தான் பேசறாங்க” என்று யாராவது அழுதால், “எல்லாரும்னா யாரு யாரு? பேரைச் சொல்லு” என்பார். “சிலர்னு சொன்னாளா, எல்லாரும்னு சொன்னாளா? அவ வாயால சொன்னதை மட்டும் சொல்லு” என்பார். சொன்னதற்கு மேல் ஒரு சொல்லைக்கூட உள்ளே விடமாட்டார். அடுத்த பத்துக் கேள்விகளை அவருக்கு வாசித்துக் காட்டினோம். ஒன்பது சரி.

தப்பான அந்த ஒன்றும் அவர் தப்பில்லை. கேள்வியில் ‘எல்லாப் பேனாக்களும் பென்சில்கள் அல்ல’ என்று இருந்தது. ஒரு பேனாகூடப் பென்சில் இல்லை என்கிறானா, பேனாக்கள் எல்லாமே பென்சிலாகிவிடாது, சிலது வேறாகவும் இருக்கும் என்கிறானா? அத்தையும் நானும் இரண்டாவது அர்த்தத்தில் எடுத்தோம். விடைக் குறிப்போ முதல் அர்த்தத்தில் போட்டிருந்தது. எனக்கு வந்ததே கோபம். ‘மின்னுவதெல்லாம் பொன்னல்ல’ என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறோம். விடைக் குறிப்பின்படி அர்த்தம் செய்தால் மின்னுகிற எதுவுமே பொன் கிடையாது. இந்த வகை வாக்கியத்தைத் திருப்பிப் போட்டாலும் செல்லும் என்பதால், மின்னுகிற பொன்னே உலகத்தில் கிடையாது! மகன் ஆங்கிலப் பகுதியைப் புரட்டிப் பார்த்தான். அங்கே ‘ஒரு பேனாவும் பென்சில் இல்லை’ என்று தெளிவாகவே இருந்தது. தமிழாக்கியவர் ‘எந்தப் பேனாவும்’ என்று ஒரு சொல் மாற்றியிருந்தால் தீர்ந்தது. “சந்தேகம் வந்தா ஆங்கிலத்தைப் பாத்துடும்மா” என்றான். தமிழ் இலக்கியம் படித்தவளுக்கு இதைவிடப் பெரிய அவமானம் வேண்டாம்.

இவர் இதிலெல்லாம் பட்டுக்கொள்ளாமல் ஓரமாக உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அவருக்கும் ஆசை வந்துவிட்டது. “நானும் ஒண்ணு சொல்றேன். நல்ல கணவர்கள் எல்லாரும் மனைவி படிக்கும்போது சத்தம் போடாம இருப்பாங்க. நான் சத்தம் போடாம இருக்கேன். ஆகவே…”

மகன் பெரிய வட்டம் ஒன்று போட்டு, அதற்குள் சின்ன வட்டம் ஒன்று போட்டான். “அப்பா, சத்தம் போடாதவங்க இந்தப் பெரிய வட்டம். நல்ல கணவர்கள் உள்ள இருக்கற சின்ன வட்டம். நீங்க பெரிய வட்டத்துக்குள்ள இருக்கீங்க. சின்னதுக்குள்ள இருக்கீங்களான்னு இதை வச்சு சொல்ல முடியாது.”

“திமிங்கலம்” என்றேன் நான்.

தேர்வுக்கு முந்தின இரவு கடைசியாக ஒரு கேள்வி. சில கதவுகள் ஜன்னல்கள். முடிவு: எல்லாக் கதவுகளும் ஜன்னல்களாக இருக்க வாய்ப்பு உண்டு. வாய்ப்பு இல்லை என்றேன். ‘சில’ என்று சொன்னாலே மீதி இல்லை என்றுதானே அர்த்தம்? பாதிப்பேர் வந்திருந்தால்தானே ‘சிலர் வந்தார்கள்’ என்போம்?

“அது பேச்சு வழக்கும்மா. இங்க ‘சில’ன்னா குறைஞ்சது ஒண்ணு. அவ்வளவுதான். எல்லாமே அப்படி இருந்தாலும் ‘சில’ங்கறது பொய்யாகாது.”

எனக்குள் ஏதோ பளிச்சென்றது. கல்யாணமான புதிதில் என் அம்மாவிடம் ஃபோனில், “இங்க சிலர் நல்லவங்கதாம்மா” என்று சொன்னது அத்தையின் காதில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ நல்லது கெட்டது ஆகியும் அந்த ஒரு வாக்கியம் மட்டும் வீட்டில் அப்படியே கிடக்கிறது. நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

“கேட்டீங்களா அத்தை? சிலர் நல்லவங்கன்னு சொன்னா, எல்லாருமே நல்லவங்களா இருக்கவும் வாய்ப்பு இருக்கு. நான் அன்னைக்குத் தப்பா எதுவும் சொல்லலை.”

அத்தை டம்ளரில் மீதமிருந்த தண்ணீரைக் குடித்து முடித்தார். பிறகு பேரனைப் பார்த்தார். “அப்ப சிலர் நல்லவங்க இல்லைங்கறதுக்கும் வாய்ப்பு இருக்குல்ல?”

அவன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். “இருக்கு பாட்டி. மூணாவது விடை. ரெண்டுல ஒண்ணு நிச்சயம். எதுன்னு அந்த வாக்கியத்தை வச்சு சொல்ல முடியாது.”

“நானும் அதான் இருபத்திரண்டு வருஷமா எதுவும் முடிவு பண்ணாம வச்சிருக்கேன்” என்று சொல்லிவிட்டு, டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.