ஒரே கரண்டி

1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது நான் குடியாத்தம் பக்கத்துக் கிராமப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றவள். இப்போது அணைக்கட்டு ஒன்றியத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் பதினெட்டு ஆண்டுகளாகச் சத்துணவு அமைப்பாளர்.

ஆய்வுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது இருப்புப் பதிவேட்டைத்தான். அரிசியும் பருப்பும் எண்ணெயும் வருகைக் கணக்கோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்கள். என் பதிவேடு பிசகியதில்லை. அதனால் விதிப்படிதான் நடக்கிறோம் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன்.

மத்திய அரசின் விதி இது: ஐந்தாம் வகுப்பு வரை ஒரு குழந்தைக்கு 450 கலோரி, 12 கிராம் புரதம், ஆறு முதல் எட்டு வரை 700 கலோரி, 20 கிராம் புரதம். தானியம் சிறியவர்களுக்கு 100 கிராம், பெரியவர்களுக்கு 150. காய்கறி 50, 75. இந்தக் கணக்கில்தான் நிறுத்துக் கொடுப்பேன். ஆனால் எல்லாம் ஒரே அண்டாவில் வெந்து, ஒரே கரண்டியால் தட்டில் விழுந்தது. ஒன்றாம் வகுப்புக்கும் ஒரு கரண்டி, எட்டாம் வகுப்புக்கும் ஒரு கரண்டி.

ஒருநாள் கழுவுமிடத்தில் நின்றிருந்தேன். சின்னப் பிள்ளைகளின் தட்டுகளிலிருந்து சோறு வாளியில் கொட்டிக்கொண்டே இருந்தது. அதே நேரம் மலைக்கிராமத்திலிருந்து வரும் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வெறும் தட்டை வழித்துக்கொண்டிருந்தாள். "இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளக் கூடாதா?" என்றேன். "பையன்கள் சிரிப்பார்கள் டீச்சர்" என்றாள். என் பதிவேட்டில் இருவருமே நிறைவாகச் சாப்பிட்டவர்கள்.

சாம்பாரைப் பற்றிச் சமையலர் அக்காதான் சொன்னார்: "பருப்பு அடியில் தங்கிவிடுகிறது டீச்சர். முதலில் உட்காருகிற குழந்தைகளுக்குத் தெளிவுதான் போகிறது." முதலில் உட்காருவது ஒன்றாம் வகுப்பு. பரிமாறுவதற்கு முன் ஆசிரியரும் நானும் ருசி பார்ப்பது வழக்கம். அப்போது அக்கா நன்றாகக் கலக்கித்தான் தருவார். அதனால் எங்கள் நாக்குக்கு அந்தக் குறை எட்டவே இல்லை. மனம் ஆறவில்லை எனக்கு. எத்தனை ஆண்டுப் பருப்பு அந்தச் சிறுசுகளுக்குப் போய்ச் சேராமல் போயிற்று!

மறுவாரமே இரண்டு கரண்டிகள் வாங்கினோம். வெந்த சோற்றை நிறுத்துப் பார்த்து, சிறியவர்களுக்கு ஒன்று, பெரியவர்களுக்கு ஒன்று என்று வைத்தோம். சாம்பார் ஊற்றுகிறவர் ஒவ்வொரு முறையும் அடிவரை துழாவித்தான் எடுக்க வேண்டும்.

முட்டையில் இந்தச் சிக்கலே கிடையாது. எண்ணிக் கொடுப்பது, ஆளுக்கு ஒன்று. அதில் சுமார் 6 கிராம் புரதம், சிறு குழந்தைக்குரிய அளவில் பாதி. முட்டை உண்ணாதவர்களுக்கு வாழைப்பழம்.

காய்கறிதான் இன்றும் பாடு. மழைக்காலத்தில் தக்காளி விலை ஏறும்; எங்கள் கையில் வரும் காசு ஏறாது. வாங்கிப் போட்டாலும் பிள்ளைகள் தட்டோரம் ஒதுக்கிவிடுவார்கள். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் கிடைக்கும் நாளில் மட்டும் கவலையில்லை. சாம்பாரில் வெண்ணெய்போலக் குழைந்துவிடும், ஒதுக்க எதுவும் மிஞ்சாது.

வாளியில் திரும்பி வரும் சோற்றையும் இப்போது நிறுத்து எழுதுகிறேன். அதற்குப் பதிவேட்டில் இடமில்லை. கடைசிப் பக்கத்தில் நானே கோடு போட்டுக்கொண்டேன். ஆய்வுக்கு வருகிறவர்களிடம் அந்தப் பக்கத்தைக் காட்டி, பகல் பன்னிரண்டரைக்கு வந்து கடைசி வரிசையில் உட்காருங்கள் என்று கேட்கிறேன். இதுவரை ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.