ஒரே பதிவில் ஒரு டெட்லாக்

ஏலக்காய் மின்னணு ஏலம் போடியிலும், மலைக்கு மேலே கேரளத்தின் புற்றடியிலும் நடப்பதால், இரண்டு ஊரிலும் ஆள் வைத்திருக்கும் வியாபாரிகள் பலர். அப்படிப்பட்ட கடை ஒன்றில், ஒரே பார்ட்டியின் பெயரில் இரு ஊரிலும் ஒரே நேரத்தில் பில் போடும்போது மட்டும், மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் 1213 என்ற டெட்லாக் பிழையைக் காட்டி ஒருவருடைய பில்லை ரத்து செய்துகொண்டிருந்தது.

டெட்லாக், அதாவது மற்றவர் பூட்டை விடட்டும் என்று இருவருமே காத்து நிற்கும் முடக்கம், என்றதும், இரண்டு பரிவர்த்தனைகள் (ஒன்றாகவே நிறைவேற வேண்டிய கட்டளைத் தொகுப்புகள்) இரண்டு பதிவுகளை எதிரெதிர் வரிசையில் பூட்டியிருக்கும் என்றுதான் எல்லோரும் தேடத் தொடங்குவோம். இங்கே சிக்கியிருந்ததோ ஒரே ஒரு பார்ட்டி பதிவு. இரு ஊரிலும் ஓடுவது ஒரே நிரல், ஒரே வரிசை. மைஎஸ்க்யூஎல்லில் தரவைச் சேமித்துப் பூட்டுகளைக் கையாளும் பகுதியான இன்னோடிபியின் நிலையைக் காட்டும் ‘ஷோ எஞ்சின் இன்னோடிபி ஸ்டேட்டஸ்’ தரும் அறிக்கையிலும், பாக்கித் தொகையை மாற்றும் அதே அப்டேட் கட்டளைதான் இரு பக்கமும் நின்றது. அந்த அறிக்கை, காத்திருக்கும் கட்டளையைக் காட்டுமே தவிர, கையிலிருக்கும் பூட்டை எந்தக் கட்டளை முன்பு வாங்கியது என்று சொல்லாது. ஆகவே கட்டளையை விட்டுவிட்டுப் பூட்டின் வகையைப் படிக்க வேண்டும். அங்கே ‘எஸ்’, அதாவது பகிர்வுப் பூட்டு, என்று இருந்தது. நிரலில் அதை யாரும் கேட்கவே இல்லை.

கேட்டது ஃபாரின் கீ, அதாவது ஒவ்வொரு பில்லையும் இருக்கும் ஒரு பார்ட்டி பதிவோடு பிணைக்கும் விதி. பில் அட்டவணையில் ஒரு வரி சேர்க்கும்போது, அதற்குரிய பார்ட்டி பதிவு இடையில் அழிந்துவிடாமலிருக்க, இன்னோடிபி அதன்மேல் தானாகவே பகிர்வுப் பூட்டு போடுகிறது. பகிர்வுப் பூட்டை இருவரும் ஒருசேர வைத்திருக்கலாம். ஆனால் அடுத்து வரும் அப்டேட்டுக்கு ஒருவர் மட்டுமே வைத்திருக்கக்கூடிய தனிப் பூட்டு தேவை, அதற்கு மற்றவர் தம்முடையதை விட வேண்டும், இருவருமே விடுவதாயில்லை.

பரிவர்த்தனையின் முதல் கட்டளையாகவே பார்ட்டி பதிவை ‘ஃபார் அப்டேட்’ போட்டு, தனிப் பூட்டோடு எடுத்துவிட்டால், இரண்டாமவர் சில நொடித்துளிகள் காத்திருப்பார், அவ்வளவுதான். ஃபாரின் கீயை நீக்கினாலும் பிழை போய்விடும் என்பார்கள்; கணக்குப் புத்தகத்தில் எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஸ்டேட்டஸ் அறிக்கை கடைசி டெட்லாக்கை மட்டுமே வைத்திருக்கும் என்பதால், ‘இன்னோடிபி பிரிண்ட் ஆல் டெட்லாக்ஸ்’ அமைப்பை இயக்கி, எல்லாவற்றையும் பிழைப் பதிவேட்டில் விழச் செய்வது நல்லது. 1213 வந்தால் முழுப் பரிவர்த்தனையும் ரத்தாகிவிடுவதால் முதலிலிருந்து மீண்டும் ஓட்டலாம். பூட்டுக்காக 50 வினாடி காத்திருந்தும் அது கிடைக்காதபோது வரும் 1205 பிழை அப்படியல்ல. இயல்பு அமைப்பில் அந்த ஒரு கட்டளை மட்டுமே ரத்தாகும், மற்றவை அப்படியே நிற்கும். மறுமுயற்சி எழுதுபவர்கள் இரண்டையும் ஒன்றாகப் பாவித்தால் பில் இரட்டிக்கும்.