பசுக் கணக்கு பூனைக்கு ஆகாது

நீடாமங்கலத்தில் எனக்கு ஒரு விதை, உரக் கடை. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் மாடு உண்டு. மாடு சினைக்குக் கத்துவதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால் போதும், வாங்கிய மூட்டையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து சொல்வார்கள். 21 நாளுக்கு ஒருமுறை வரும். காலையில் கத்தினால் சாயங்காலம் சினை ஊசி, சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை ஊசி. பின்னால் வடியும் ஒழுக்கு கலங்கலாக இருந்தால் போடாதே. கிடேரி 250 கிலோவுக்குப் பக்கம் வரட்டும், அவசரப்படாதே. எல்லாம் சரியான விவரம்தான். இவ்வளவு தெரிந்தவர்கள் என் பூனையின் கருத்தடைக்குச் சொன்ன யோசனை மட்டும் ஒன்றுகூட உதவவில்லை.

பூனையின் பெயர் சீரகம். மாசி மாதத்தில் சீரகச் சம்பா மூட்டைகளுக்குப் பின்னால் யாரோ விட்டுப் போன குட்டி. எலி மருந்து விற்கிற கடையில் பூனை எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. இதில் கேலிக்கு அப்பால் ஒரு விஷயமும் இருக்கிறது. மருந்து தின்ற எலியைத் தின்றாலும் பூனைக்கு ஆபத்து. அதனால் கடைக்குள் எலிக்கு நான் மருந்து வைப்பதே இல்லை, விற்பதை மட்டும் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன்.

சித்திரைக் கடைசியில் தடுப்பூசிக்காகத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனேன். அங்கே டாக்டரம்மா வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். முன்பற்கள் விழுந்து முளைத்துவிட்டன, கோரைப்பல் இன்னும் பால் பல்தான், அதனால் நாலு மாதம் தாண்டியிருக்கும், ஐந்து ஆகியிருக்காது என்றார். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், பூனைக்கும் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. கையோடு, "கருத்தடை எப்ப பண்றதா இருக்கீங்க?" என்று கேட்டார். ஆறு மாதம், ஒரு வருஷம் ஆகட்டும் என்று நினைத்திருந்தேன். "ஏன்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

வீட்டில் அம்மாவிடம் பதில் இருந்தது. "ஒரு தடவையாவது குட்டி போடட்டும்டா. பொட்டைப் புள்ளைக்கு அந்தக் குறை வேண்டாம்." கடைக்கு வரும் பெரியவர் ஒருவர் இதையே வேறு மாதிரி சொன்னார். "தம்பி, தலையீத்து ஆகட்டும். அப்புறம் உடம்பு தேறி நிக்கும். அப்ப பண்ணுங்க."

அவர் சொன்னதை நான் உதறித் தள்ளவில்லை, கொஞ்சம் யோசித்தேன். கிடேரியை முதல் பருவத்தில் விட்டுவிட்டு, உடம்பு வந்த பிறகு ஊசி போடுகிறோம் என்றால், அது கயிற்றில் நிற்கிறது, நாம் டாக்டரைக் கூப்பிட்டால்தான் சினை. பருவத்தைத் தாண்டவிடுவது நம் கையில் இருக்கிறது. பூனைக்கு மூக்கணாங்கயிறு ஏது? முதல் பருவம் வந்த ராத்திரியே ஓடு பிரித்தாவது வெளியே போகும், இல்லையென்றால் கடுவன் உள்ளே வரும். அதுவே இன்னும் வளர்ந்து முடியாத உடம்பு. "உடம்பு தேறட்டும்" என்று நாம் காத்திருக்கும் நாளில்தான் அது தேறாத உடம்போடு சினையாகும்.

இன்னொரு வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டபோது எனக்குக் கொஞ்சம் பயமே வந்தது. மாட்டுக்கு முட்டை அதன் நேரத்துக்கு வெளிவரும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் ஊசி வீண், அடுத்த 21 நாள் காத்திருக்க வேண்டும். காலை, சாயங்காலக் கணக்கெல்லாம் இதற்காகத்தான். பூனைக்கு அப்படி இல்லை. கடுவன் சேர்ந்த பிறகுதான் முட்டையே வெளிவருகிறது. அதாவது நேரம் தவறுவது என்ற பேச்சுக்கே பெரும்பாலும் இடமில்லை. ஒரே பருவத்தில் இரண்டு, மூன்று கடுவன்கள் சேர்ந்தால் ஒரே ஈத்தில் வேறு வேறு அப்பனின் குட்டிகள் பிறக்கலாம். ஒரு தாய்க்கு ஒரு கறுப்பு, ஒரு செவலை, ஒரு வரிக்குட்டி என்று தெருவில் பார்க்கிறோமே, சில சமயம் காரணம் இதுவாகவும் இருக்கும்.

சரி, பருவம் வரும்போது தெரிந்துவிடும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கலாம். முதல் தடவை பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை. நாய் மாதிரி ரத்தம் படாது. கத்தும், தரையில் உருளும், முதுகைத் தடவினால் பின்பக்கத்தைத் தூக்கி நிற்கும். எங்கள் தெருவில் ஒருவர், "பூனைக்கு வயித்து வலி போல, உருண்டு உருண்டு கத்துது" என்று ஓம வாட்டர் வாங்கப் போனார். நான் தடுத்தேன். அந்த வலிக்குப் பிறகு மூன்று குட்டிகள் பிறந்தன.

முதல் பருவம் நாலு மாதத்திலேயே வருவதும் உண்டு. ஆறு மாதத்தை ஒட்டி வருவது சாதாரணம். சினைக்காலம் ஒன்பது வாரம்தான், 63 முதல் 65 நாள். கூட்டிப் பார்த்தால் ஆறு மாதத்தில் பருவம் வரும் பூனை எட்டு மாதக் குட்டியாக இருக்கும்போதே தாய். கடுவன் சேராமல் போனாலும் நிம்மதி இல்லை. ஒரு வாரம் போலக் கத்திவிட்டு ஓயும், இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி ஆரம்பிக்கும்.

குளிர் நாடுகளில் பூனைக்கு ஒரு ஓய்வுக் காலம் உண்டு. பகல் வெளிச்சம் குறையும் மாதங்களில் பருவம் வராது. அந்த ஊர்க் கணக்கைப் படித்துவிட்டு நம் ஊரில் மார்கழி, தையில் பயமில்லை என்று இருக்க முடியாது. தஞ்சாவூர்ப் பக்கம் மார்கழியிலேயே ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம் பகல். அதற்கு மேல் கடையில் டியூப்லைட் ராத்திரி ஒன்பது வரை எரிகிறது. டெல்டாவில் மாட்டுக்கும் பூனைக்கும் லீவு கிடையாது.

புற்றுநோய் விஷயம்தான் என் மனத்தை முடிவாக மாற்றியது. பூனைக்கு மார்பில் கட்டி வந்தால் பத்தில் எட்டு ஒன்பது கெட்ட கட்டியாக இருக்கும். 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆறு மாதத்துக்கு முன் கருத்தடை செய்த பூனைகளுக்கு அந்த நோயின் அபாயம் 91 சதவீதம் குறைந்திருந்தது. ஆறு மாதத்துக்கு மேல், ஒரு வயதுக்குள் என்றால் 86 சதவீதம். ஒரு வயதைத் தாண்டினால் பலன் சட்டென்று இறங்கிவிடுகிறது, இரண்டு வயதுக்கு மேல் ஒன்றுமே இல்லை. அம்மா சொன்ன அந்த ஒரு ஈத்துக்காகக் காத்திருப்பது இந்தக் கணக்கில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். கர்ப்பப்பையில் சீழ் கட்டுவது இன்னொரு தொல்லை. பையையே எடுத்துவிட்டால் அதுவும் இல்லை. ஒரு ஈத்து போட்டால் பூனைக்கு உடம்புக்கு நல்லது என்பதற்கு எந்த டாக்டரும் எனக்கு ஆதாரம் காட்டவில்லை. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2017இல், ஐந்து மாதத்துக்குள் செய்துவிடுங்கள் என்ற பரிந்துரைக்கு ஆதரவு தெரிவித்திருக்கிறது.

பக்கத்து ஊர் டாக்டர் ஒருவர் மட்டும் ஒரு வயது ஆகட்டும் என்றார். அவர் பெரும்பாலும் மாடு, ஆடு பார்க்கிறவர். அவர் தயங்கியது மயக்க மருந்துக்காக. அந்தத் தயக்கத்தை நான் தப்பு சொல்ல மாட்டேன். சின்ன உடம்பில் சர்க்கரை சீக்கிரம் இறங்கும், சூடும் சீக்கிரம் இறங்கும். தெரிந்து செய்தால் குட்டிகள் பெரிய பூனைகளைவிடச் சுருக்க எழுந்துவிடும், தெரியாமல் செய்தால் ஆபத்து. அதனால் வயதை மட்டும் கேட்காதீர்கள், "இந்த வயதுப் பூனைக்கு நீங்கள் வழக்கமாகச் செய்கிறீர்களா" என்று கேளுங்கள். செய்யாதவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம். தஞ்சாவூரில் சின்னப் பிராணிகளுக்கென்றே கிளினிக்குகள் இருக்கின்றன. ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கேயும் போய் விசாரிக்கலாம்.

எனக்கு இன்னொரு கெடு இருந்தது, ஜூன் 12. மேட்டூர் திறந்தால் குறுவை விதைக்கு ஆள் வர ஆரம்பிப்பார்கள். ஆடுதுறை 43 இருக்கா, கோ 51 இருக்கா என்று கடை நாள் முழுக்கத் திறந்து கிடக்கும், லாரி வரும், பின்கதவு சாத்தவே முடியாது. தையல் போட்ட பூனையை அதற்கு நடுவில் எங்கே வைப்பது? வைகாசி முதல் வாரத்தில் நாள் குறித்தேன்.

முந்தின ராத்திரியே பட்டினி போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். பெரியவர்களுக்குச் செய்கிற மாதிரி ராத்திரி முழுக்க வெறும் வயிறு குட்டிக்குக் கூடாது. எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள், அப்படியே செய்தேன். இரண்டு தக்காளி கிரேட்டை ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்துக் கட்டி பஸ்ஸில் போனோம். அம்மாப்பேட்டை தாண்டும்வரை ஒரே கத்தல். கண்டக்டர், "உள்ள என்ன, கோழியா?" என்றார். கோழி என்று நினைத்தால் லக்கேஜ் போடுவாரோ என்று, "பூனை சார், ஆஸ்பத்திரிக்கு" என்றேன். பக்கத்து சீட் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார், சகுனம் பார்க்கிறவர் போல.

கடைத் தராசில் சீரகம் 1.900 கிலோ இருந்தது. கிளினிக் தராசில் 1.850. இதை வாடிக்கையாளர்களிடம் சொல்லவில்லை.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காலையில் விட்டேன், சாயங்காலம் வாங்கினேன். இடுப்புப் பக்கம் ஒரு விரற்கடை அளவுக்குத் தையல். வீட்டுக்கு வந்ததும் தள்ளாடி நடந்து போய் நேராக மீன் தட்டைப் பார்த்தது. கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் வளையம்தான் அதற்குப் பெரிய கொடுமை, மூட்டை மூட்டையாக இடித்துக்கொண்டே திரிந்தது.

வலிக்கு டாக்டர் கொடுத்த மருந்து தவிர எதையும் கொடுக்காதீர்கள். இதைத் தனியாகச் சொல்லக் காரணம், நம் ஊரில் எதற்கும் ஒரு பாராசிட்டமாலை உடைத்துக் கொடுக்கும் பழக்கம் உண்டு. பூனைக்கு அது விஷம். அரை மாத்திரையே உயிரை எடுத்துவிடும். இன்னொன்று, கத்தாமல் இருக்க ஊசி ஒன்று போட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்த ஹார்மோன் ஊசி கர்ப்பப்பையில் சீழையும் மார்பில் கட்டியையும் வரவழைக்கக்கூடியது. எதைத் தடுக்க நாம் ஆபரேஷனுக்குப் போகிறோமோ அதையே காசு கொடுத்து வாங்குவது போல.

அம்மாவுக்கு இருந்த கடைசிச் சந்தேகம், இனி எலி பிடிக்குமா என்பது. ஆவணியில் சம்பா விதை மூட்டைகள் வந்த வாரம், கால்குலேட்டருக்குப் பக்கத்தில் தலையில்லாத சுண்டெலி ஒன்று கிடந்தது. அம்மா அதற்கப்புறம் இந்தப் பேச்சை எடுக்கவில்லை. பூனை கொஞ்சம் உருண்டுவிட்டது உண்மை. கருத்தடைக்குப் பிறகு அதற்குத் தேவைப்படும் தீனி குறையும், பசி குறையாது. கேட்கிறபோதெல்லாம் மத்தி கொடுக்காமல் இருக்க வேண்டியது நாம்தான். அம்மாவிடம் அது நடக்கிற காரியமா?

இப்போது பக்கத்து அரிசி மில் பூனை நாலு குட்டி போட்டு, வைக்கோல் போருக்கும் பாய்லர் கொட்டகைக்கும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு திரிகிறது. பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகும் என்பதை மில் அண்ணனிடம் சொன்னேன், நம்பவில்லை. அப்புறம் போன வருஷம் எத்தனை ஈத்து என்று அவரே விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். குட்டிகளுக்கு எட்டு வாரம் ஆகி, பால் மறந்து, தாய்க்கு மடி வற்றியதும் கொண்டுபோகலாம் என்று பேசியிருக்கிறோம். குட்டிகளில் இரண்டு பெட்டை, அதுகளுக்கும் நாலு மாதம் ஆனதும் நாள் குறிக்க வேண்டும். செலவில் பாதி அண்ணன் தருகிறார். பிடித்துக் கிரேட்டில் போடுவது என் பொறுப்பாம்.