பிரேக் ஆயில் எங்க போச்சு? பேர மட்டும் பாத்து ஆயில் ஊத்தி கைய சுட்டுக்கிட்ட கதை

போன ஐப்பசி மழைல வேலை இல்லாம எங்க ஜேசிபி வண்டி ஷெட்டுல நின்னப்பதான் கவனிச்சேன், பிரேக் ஆயில் டப்பா காலி. மூணு நாள் முன்னாடிதான் ஃபுல்லா ஊத்துனது. அடில படுத்து டார்ச் அடிச்சு பாத்தேன், பைப்பு, பைப்ப இணைக்கற யூனியன், பிரேக் மிதிச்சா ஆயில தள்ளுற மாஸ்டர் சிலிண்டர் எங்கயும் சொட்டு ஈரம் இல்ல. அப்ப ஆயில் எங்கதான் போச்சுன்னு மண்டைய பிச்சுக்கிட்டு கடைசில பின்னாடி ஆக்ஸில்ல, அதான் சக்கரம் மாட்டுற அச்சுல, லெவல் பிளக்க கழட்டுனேன், கழட்டுன கையோட கடகடன்னு கொட்டுது. பிளக் வாய் வரைக்கும்தான் ஆயில் நிக்கணும், இது அதுக்கு மேல ஏறி நிக்குது. விசயம் புரிஞ்சுபோச்சு, பிரேக் பிஸ்டன சுத்தி இருக்கற ரப்பர் சீல் போய் ஆயில் எல்லாம் ஆக்ஸிலுக்குள்ள இறங்கிருக்கு.

எங்களுது 2009 மாடல் ஜேசிபி, செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது. இதுல பிரேக் காரு மாதிரி வெளிய இருக்காது, ஆக்ஸிலுக்குள்ளயே பிளேட்டுங்க ஆயில்ல முங்கி கெடக்கும். அதனால சீல் போனா வெளிய ஒழுகாது, உள்ளயே ஒழுகும். எப்படி போச்சுன்னா, ஒரு நாள் ரோட்டு வேலைல இருக்கப்ப ஆயில் கொறைஞ்சிருக்குன்னு ஆப்பரேட்டர் தம்பி பக்கத்து ஸ்பேர்ஸ் கடைல காருக்கு ஊத்தற டாட் 4 ரக பிரேக் ஆயில் டப்பா ஒண்ணு வாங்கி ஊத்திட்டான். பிரேக் ஆயில்னு கேட்டா கடைக்காரர் அதத்தான் குடுப்பாரு, அவன் மேல என்ன தப்பு. நானே அவன்கிட்ட சொல்லி வைக்கல.

ஆனா எங்க வண்டி புக்குல பிரேக்குக்கு மினரல் ஆயில்னு போட்டுருக்கு, அதாவது பெட்ரோலியத்துல இருந்து எடுக்கற எண்ணெய். டாட் 3, டாட் 4 எல்லாம் கிளைக்கால்ங்கற வேற கெமிக்கல் ஜாதி, மினரல் எண்ணெயே இல்ல. மினரல் ஆயில் ஓடுற பிரேக்ல நைட்ரைல் ரப்பர் சீல் இருக்கும், டாட் ஓடுறதுல ஈபிடிஎம்ங்கற வேற ரப்பர். மாத்தி ஊத்துனா சீல் ஊதி மெத்துன்னு ஆயிரும், திருப்பி காருக்கு மினரல் ஊத்துனாலும் அதே கதிதான். கொடுமை என்னன்னா ரெண்டு சீலும் பாக்க ஒரே கருப்பு, ஒரே வட்டம். நாங்க கழட்டுன சீல விரல்ல அமுக்குனா ஊறப்போட்ட அப்பளம் மாதிரி இருந்துச்சு. ரெண்டு பக்கமும் ஆக்ஸில் பிரிச்சு, சீல் கிட் மாத்தி, லைன் பூரா கழுவி, பத்து நாள் வண்டி நின்னுச்சு. இருநூத்தி சொச்சம் ரூவா டப்பா பண்ணுன வேலை.

டப்பாக்குள்ள என்ன இருக்குன்னு சந்தேகம் வந்தா ஒரு சின்ன வேலை பண்ணுங்க. கண்ணாடி டம்ளர்ல பாதி தண்ணி எடுத்து பத்து சொட்டு விட்டு கலக்குங்க. டாட்னா தண்ணியோட கலந்து காணாம போயிரும், மினரல்னா ரசத்துல எண்ணெய் மாதிரி மேல மெதக்கும். அந்த டம்ளர்ல அப்புறம் யாரும் தண்ணி குடிச்சிராதீங்க, டாட் விஷம்.

அதுக்கப்புறம் எந்த ஆயில் வாங்கினாலும் கெட்டியா இருக்கா, என்ன கலர்னெல்லாம் பாக்கறதில்ல. இது உள்ள போய் எதத் தொடும், ரப்பரா, பித்தளையா, கிளட்ச் பிளேட்டான்னுதான் மொதல்ல கேக்கறது.

கியர்பாக்ஸயே எடுத்துக்குங்க. கியர்பாக்ஸ்னா 90-ங்கற கெட்டி ஆயில்னு நம்மாளுங்க மனசுல பதிஞ்சு போச்சு. எங்க வண்டி கியர்பாக்ஸ்ல இன்ஜின் சக்திய ஆயில் வழியா கடத்துற டார்க் கன்வெர்ட்டர் இருக்கு, முன்ன பின்ன போறதுக்கு கிளட்ச் பேக், அதான் கிளட்ச் பிளேட்டு அடுக்கு இருக்கு, எல்லாத்துக்கும் அதே ஒரு ஆயில்தான் ஓடணும், அதான் தண்ணி மாதிரி இருக்கற 10டபிள்யூ ஆயில கேக்குது. எங்களுக்கு முன்னாடி வெச்சிருந்த புண்ணியவான் 90 ஊத்தி வெச்சிருந்தாரு. காலைல ஸ்டார்ட் பண்ணி ஃபார்வர்ட் போட்டா யோசிச்சு யோசிச்சு நகரும், மத்தியானம் ஆனா கியர்பாக்ஸ் மேல கை வைக்க முடியாது. இன்னொண்ணு, கியர் ஆயில்ல ஜிஎல்-4, ஜிஎல்-5னு ரகம் இருக்கு, ஜிஎல்-5 ஆயில்ல கியர் பல்லு தேயாம இருக்க போடுற சல்பர் மருந்து ஜாஸ்தி, சூடேறுனா அதுல சில ஆயில் பித்தளை, வெண்கல சிங்க்ரோ ரிங்க, அதான் கியர் மாத்தறப்ப வேகத்த ஒத்துப்போக வெக்கற வளையத்த, அரிக்கும். பழைய கியர்பாக்ஸ்ல அந்த ரிங்குதான் இருக்கும், அதனால 5 பெரிய நம்பர், 4 சின்ன நம்பர், பெருசுதான் ஒசத்தின்னு வாங்காதீங்க.

ஆக்ஸிலும் அப்படித்தான். உள்ள பிரேக் பிளேட்டு முங்கி கெடக்கறதால அதுக்கேத்த மருந்து சேத்த ஆயில்தான் ஊத்தணும், சும்மா கியர் ஆயில் ஊத்துனா பிரேக் மிதிக்கறப்ப கர்ர்ருன்னு கத்தும், வண்டி ஒதறும்.

பூம்ங்கற வண்டியோட கைய தூக்கற ஹைட்ராலிக் ஆயில்ல எல்லாரும் 46-ஆ 68-ஆன்னு சண்டை போடுவாங்க. அந்த நம்பர் 40 டிகிரில ஆயிலோட கெட்டி எவ்வளவுங்கறது. சாதா மினரல் ஆயில் 100 டிகிரி போச்சுன்னா 68-ன்னு வாங்குனது ஒம்பதுக்கும் கீழ, 46 ஏழுக்கும் கீழ எறங்கிரும். நம்மூர் சித்திரை வெயில்ல ப்ரேக்கர் மாட்டி பாறை ஒடைக்கற வண்டிக்கு, அதுவும் பம்ப்பு தேஞ்ச பழசுக்கு, புக்குல அனுமதி இருந்தா நான் 68 பக்கம். ஊட்டில வேலை பாக்கறவருக்கு 46 போதும். ஆனா பூம் மெதுவா தூக்குதுன்னு 68-ல இருந்து 100-க்கு போறவங்கள பாத்தா சிரிப்புதான் வருது, காலைல குளுருக்கு பம்ப்பு அத உறிஞ்ச முடியாம கத்தும், இருக்கற பம்ப்பும் போயிரும். அப்புறம் டேங்க்க வடிச்சுட்டா பழசெல்லாம் போச்சுன்னு நெனைக்காதீங்க, சிலிண்டர்லயும் ஹோஸ்லயும் நெறைய நிக்கும். டேங்க்ல ஆயில் மோர் மாதிரி இருந்தா தண்ணி கலந்துருக்கு, ரெண்டு சொட்டு சூடான தோசைக்கல்லுல விட்டா பொரியும். எங்க வீட்டுல அந்த தோசைக்கல்ல இப்ப ஷெட்டுக்கே தத்து குடுத்துட்டாங்க.

இன்ஜின் ஆயில் பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, கெட்டி 15டபிள்யூ-40, தரம் சிஎச்-4 இல்லைனா சிஐ-4, சீல் ஒடையாத பக்கெட்டா பாத்து வாங்குனா போதும். ரேடியேட்டருக்கு மட்டும் தயவு பண்ணி போர் தண்ணி ஊத்தாதீங்க, நம்ம பக்கத்து உப்புத்தண்ணி உள்ள காறையா படிஞ்சு அடைச்சிரும். நம்மூர்ல எங்க பனி ஒறையுது, கூலண்ட் எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு, அது ஒறையாம இருக்க மட்டும் இல்ல, துரு பிடிக்காம, இன்ஜின்ல பிஸ்டன் ஓடுற லைனர் குழாய்ல ஓட்டை விழாம இருக்கவும்தான். பச்சையோட ஆரஞ்ச கலக்காதீங்கன்னு சொல்லுவாங்க, அதுலயும் கலர நம்ப முடியாது, கம்பெனிக்கு கம்பெனி சாயம் வேற. டப்பா பின்னாடி படிங்க.

இப்ப எங்க வண்டி பிரேக் டப்பா மூடில செவப்பு பெயிண்ட்ல 'மினரல் மட்டும்'னு எழுதி வெச்சிருக்கேன். தம்பி அதுக்குக் கீழ சாக்பீஸ்ல 'எங்கிட்ட கேளு'ன்னு எழுதி வெச்சிருக்கான்.

அப்புறம் ஒரு உதவி. எங்க புக்குல ஆயில் சார்ட் பக்கத்த எலி கடிச்சிருச்சு, முன் வீல் ஹப்புக்கு என்ன கிரீஸ்னு போட்ட வரி மட்டும் போச்சு. அதே 2009 மாடல் புக்கு வெச்சிருக்கறவங்க அந்தப் பக்கத்த ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க.