அண்ணன் போட்ட பென்சில் கோடு: மொம்பாசாவிலிருந்து அகுல்யாஸ் வரை

அண்ணன் இறந்து ஒன்றரை வருடம் கழித்து, அவனுடைய ஹிமாலயன் 411 பைக் கென்யாவின் மொம்பாசா துறைமுகத்தில் மரப்பெட்டிக்குள்ளிருந்து வெளியே வந்தது. பலகைகளைப் பெயர்த்ததும் கிரீஸும் பழைய சீட் கவரும் கலந்த வாசனை குப்பென்று அடித்தது. அவன் சட்டையில் எப்போதும் இருந்த வாசனை. நான் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

அவன் ஒரு ஆப்பிரிக்கா வரைபடத்தைப் பல வருடங்களாக வைத்திருந்தான். அதில் பென்சிலால் ஒரு கோடு. மொம்பாசாவில் தொடங்கி, தான்சானியா, சாம்பியா, போட்ஸ்வானா, நமீபியா வழியாக இறங்கி, கண்டத்தின் தென்கோடியான அகுல்யாஸ் முனையில் முடியும். "பாப்பா, நீ பின்னால் உட்கார்ந்து வா, நான் ஓட்டுறேன்" என்பான். மாரடைப்பில் போனபோது அவனுக்கு 41 வயது. எனக்கு அதுவரை ஸ்கூட்டர் மட்டும்தான் தெரியும். ஏழு மாதம் அவன் வண்டியிலேயே பழகினேன். கிட்டத்தட்ட 200 கிலோ வண்டி. கீழே விழுந்தால் தனியாகத் தூக்கத் தெரிய வேண்டும் என்பதால், முதலில் பழகியதே அதைத்தான்.

கிளம்ப நினைப்பவர்களுக்கு முதலில் கார்னே பற்றிச் சொல்லிவிடுகிறேன். சுங்கவரி கட்டாமல் வண்டியைத் தற்காலிகமாக ஒரு நாட்டுக்குள் கொண்டுபோய்த் திரும்ப வெளியே எடுக்க உதவும் புத்தகம் இது. வாகனச் சங்கங்கள் ஒரு பிணைத்தொகை வாங்கிக்கொண்டு கொடுக்கின்றன. நுழையும்போது ஒரு முத்திரை, வெளியேறும்போது ஒரு முத்திரை. ஒன்று விட்டுப்போனாலும் பிணைத்தொகை சிக்கிக்கொள்ளும். புத்தகத்தில் இருக்கிற பெயர், சேசிஸ் எண், எஞ்சின் எண் எல்லாம் ஆர்.சி.யோடு ஒத்துப்போக வேண்டும். ஆர்.சி. அண்ணன் பெயரில் இருந்தது. அதனால் முதலில் படிவம் 31 கொடுத்து, வாரிசு என்ற முறையில் வண்டியை என் பெயருக்கு மாற்றினேன். புது ஆர்.சி.யில் அவன் பெயர் இல்லை. இந்தப் பயணத்தில் எந்த மண் ரோடும் அந்த அட்டையைக் கையில் வாங்கிய நாள் அளவுக்கு எனக்குக் கஷ்டமாக இல்லை.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கடைசி நேரத்துக்கு விடாதீர்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். இன்ஷூரன்ஸுக்குக் கென்யாவிலேயே, பல ஆப்பிரிக்க நாடுகளுக்குப் பொதுவான கொமேசா மஞ்சள் அட்டை எடுத்தேன். அது தான்சானியாவுக்கும் சாம்பியாவுக்கும் சேர்த்தே செல்லும். தென்னாப்பிரிக்க விசாவை மட்டும் கிளம்புவதற்கு முன்பே வாங்கியிருந்தேன். அப்புறம், இந்த வழி முழுக்க நம் ஊர் மாதிரி இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். அது எவ்வளவு நிம்மதி என்பது லாரிகள் நிறைந்த மொம்பாசா நெடுஞ்சாலையில் ஏறியதும் புரிந்தது.

வோய் ஊர்ப் பக்கத்தில் வரைபடத்தின் ஓரமாக அண்ணன் "ரயில் போட்ட நம்ம ஆட்கள்" என்று எழுதியிருந்தான். 1896இல் மொம்பாசாவிலிருந்து போடத் தொடங்கிய அந்த ரயில் பாதைக்காக இந்தியாவிலிருந்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். சுமார் 2,500 பேர் அங்கேயே இறந்துபோனார்கள். பக்கத்திலிருக்கும் சாவோ தேசியப் பூங்காவின் செம்மண்ணில் புரண்டு யானைகள்கூடச் சிவப்பாகத் தெரிந்தன. தண்டவாளம் கண்ணில் பட்ட இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்கி நின்றேன். அவனும் இதைத்தான் செய்திருப்பான்.

தான்சானியாவுக்குள் நுழையும் தவேதா எல்லையில் கார்னேயைப் புரட்டிய அதிகாரி சுவாஹிலியில் "பெக்கே யாக்கோ?" என்றார். தனியாகவா என்று அர்த்தம். ஆமாம், இது அண்ணன் வண்டி, அவன் இப்போது இல்லை என்று சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு "போலே சானா" என்றார். 'போலே' என்றால் உன் துயரத்தில் எனக்கும் பங்கு உண்டு என்பது மாதிரி. அதையே இரண்டு தடவை சேர்த்து "போலே போலே" என்றால் மெதுவாக, நிதானமாக என்று பொருள். முத்திரை குத்திக் கொடுத்தபோது அதையும் சொல்லி அனுப்பினார். வீட்டில் துக்கம் கேட்க வந்தவர்கள் பேசியதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. இந்த இரண்டு வார்த்தைகள் மறக்கவில்லை.

தான்சானியாவில் மெதுவாகப் போவதைத் தவிர வேறு வழியும் இல்லை. ஊர்களுக்குள் மணிக்கு 50 கிலோமீட்டர்தான். வெள்ளைச் சீருடைப் போலீஸ்காரர்கள் வேகம் அளக்கும் கருவியோடு மரநிழலில் நிற்பார்கள். மொரோகோரோ தாண்டினால் நெடுஞ்சாலை மிக்குமி தேசியப் பூங்காவின் நடுவிலேயே போகிறது. எந்த மிருகத்தை அடித்தால் எவ்வளவு அபராதம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஒட்டகச்சிவிங்கி ஒன்று ரோட்டைக் கடந்து முடிக்கும்வரை எஞ்சினை அணைத்துக் காத்திருந்தேன். அதற்கப்புறம் ருவாஹா ஆற்றை ஒட்டிய பள்ளத்தாக்கு முழுக்க பாவோபாப் மரங்கள், நம் ஊரில் பெருக்கமரம் என்கிறோமே அதே இனம். அங்கேதான் முதன்முறையாக ஹெல்மெட்டுக்குள் சத்தமாக அழுதேன்.

வழி நெடுக அவனோடு பேசிக்கொண்டே போவேன் என்று நினைத்திருந்தேன். அப்படி நடக்கவில்லை. பகல் முழுக்கக் குழி, ஆடு, லாரி, பெட்ரோல் என்று கண்ணும் மனமும் ரோட்டிலேயே இருந்தன. அதற்காக முதலில் எனக்குக் குற்ற உணர்ச்சியாகக்கூட இருந்தது.

துண்டுமா எல்லையில் தாமிரம் ஏற்றும் லாரிகள் வரிசையாக நின்றன. அதைக் கடந்து சாம்பியாவில் நகோண்டேயிலிருந்து ம்பிக்கா போகும் வழியில் பின் டயர் பஞ்சர். ஹிமாலயனுக்கு டியூப் டயர் என்பதால் சக்கரத்தையே கழற்ற வேண்டும். அண்ணன் டூல்ஸ் வைத்துச் சுருட்டியிருந்த, பைகள் தைத்த துணியை அதுவரை பிரிக்கவே இல்லை. பிரித்தேன். ஒவ்வொரு பைக்குள்ளும் வெள்ளை டேப் ஒட்டி அவன் கையெழுத்து: "பின் ஆக்சில்", "செயின் லாக் - 2", "பேட்ச்". கடைசிப் பையில், "அவசரப்படாதே". யாருக்காக எழுதினான் என்று தெரியாது, அவனுக்கே எழுதிக்கொண்டிருக்கலாம். சைக்கிளில் கரி மூட்டை ஏற்றிவந்த பெரியவர் ஒருவர் "மூலிஷானி" என்று நலம் விசாரித்துவிட்டு, கேட்காமலே வண்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். டயர் விளிம்பை எங்கே மிதித்தால் ரிம்மிலிருந்து விடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பக்கத்திலேயே, தான்சானியாவையும் சாம்பியாவையும் இணைக்கும் தசாரா பாதையில் ரயில் ஒன்று ஊர்ந்து போனது. இருவரும் கையசைத்தோம். பணம் வாங்க மாட்டேன் என்றார்; மிச்சமிருந்த பேட்ச்களில் பாதியைக் கொடுத்தபோது வாங்கிக்கொண்டார். அண்ணன் பையிலிருந்து அவர் சைக்கிளுக்கு.

கசுங்குலாவில் வரைபடம் பழையதாகிவிட்டது. சாம்பேசி ஆற்றைக் கடக்கும் இடத்தில் அண்ணன் புள்ளிக்கோடு போட்டு "படகு" என்று குறித்திருந்தான். 2021இல் அங்கே 923 மீட்டர் பாலம் திறந்துவிட்டார்கள். அவன் பார்க்காத பாலத்தின்மேல் இரண்டு நிமிடத்தில் போட்ஸ்வானா வந்துவிட்டது.

இங்கே ஒரு விஷயம். போட்ஸ்வானா, நமீபியா, தென்னாப்பிரிக்கா மூன்றும் ஒரே சுங்க ஒன்றியம். கார்னேயில் உள்ளே வர ஒரு முத்திரை, கடைசியில் வெளியேற ஒரு முத்திரை போதும். கசானேயிலிருந்து நாட்டா 300 கிலோமீட்டர். டேங்கை நிரப்பிக்கொண்டு, யானைகள் ரோட்டுக்கு வரும் என்பதால் இருட்டுவதற்குள் போய்விட வேண்டும். கோமாரி நோய்த் தடுப்பு வேலிகளில் செருப்பு, பூட்ஸ் எல்லாவற்றையும் மருந்து நீரில் முக்கச் சொல்வார்கள். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் "தூமேலா ம்மா" என்று வணக்கம். பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல் அது. என் காதில் அம்மா என்றே விழுந்தது.

நமீபியாவின் ஜல்லி ரோட்டில் டயர் காற்றைக் குறைத்து ஓட்டியும் மணலில் ஒரு தடவை விழுந்தேன். அடி இல்லை. தூக்கினேன், ஓட்டினேன். வண்டி இப்போது என் கைக்கு அடங்கியிருந்தது.

அகுல்யாஸில் காற்று ஆளைத் தள்ளியது. கல் மேடையில் ஒருபக்கம் இந்தியப் பெருங்கடல், மறுபக்கம் அட்லாண்டிக் என்று அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். அண்ணனின் சாவிக்கொத்தைக் கடலில் விடலாம் என்று எடுத்து வந்திருந்தேன். விடவில்லை. வரைபடத்தைப் பிரித்து, கோடு முடிகிற இடத்தில் பேனாவால் அன்றைய தேதியைப் போட்டேன்.

கேப்டவுனில் வண்டியைத் திரும்பப் பெட்டியில் ஏற்றுவதற்கு முன் டேங்கைக் கிட்டத்தட்டக் காலி செய்து, பேட்டரி ஒயரையும் கழற்ற வேண்டும். அவன் ஸ்பானரால் கழற்றினேன். கார்னேயில் கடைசி முத்திரை விழுந்ததா என்று இரண்டு தடவை பார்த்தேன். ஸ்பானரைத் துடைத்து, அவன் கையெழுத்து இருந்த அதே பைக்குள் வைத்துச் சுருட்டிக் கட்டினேன்.