பெரிய பாதையில நடக்குற சந்தோஷம்

சபரிமலைக்கு பம்பை வரைக்கும் வண்டில போயி அங்கிருந்து மலை ஏறினா அது சின்ன பாதை, எருமேலில பேட்டை துள்ளிட்டு (உடம்புல சாயம் பூசி ஆடுறது) காட்டுக்குள்ளயே 40 கிலோமீட்டருக்கு மேல நடந்து போறது பெரிய பாதை. எப்படி போனாலும் ஐயப்பனுக்கு ஒண்ணுதான், அதுல உயர்வு தாழ்வு கிடையவே கிடையாது. ஆனா மாலை போட்டதுல இருந்து நாம செய்யுற ஒவ்வொண்ணும் எதுக்குன்னு அந்த காட்டுல நடக்கும்போதுதான் உடம்புக்கே புரியுது.

41 நாள் செருப்பு இல்ல, தரையில படுக்கை, விடியக்காலைல பச்சத்தண்ணி குளியல். வீட்டுல இருக்கும்போது இதெல்லாம் கட்டுப்பாடாத்தான் தெரியும். வழில வர்ற அழுதா மேட்டுல வெறுங்கால் கல்லு மேல பதியும்போது, ஓ, பாதத்த இதுக்குத்தான் பழக்கிட்டு வந்தோமான்னு தோணும். தலைல சுமக்குற ரெண்டு பக்க முடிச்சான இருமுடியும் அப்படித்தான், தலைல கட்டு இருந்தா ஓட முடியாது, கண்ட பக்கம் திரும்ப முடியாது, முதுகு தானா நிமிந்துரும், நடை தானா ஒரு சீருக்கு வந்துரும். முன்முடில இருக்குற நெய்த்தேங்கா சாமிக்கு, பின்முடி நமக்கு, அந்த காலத்துல வழிச்சாப்பாட்டுக்கு அரிசிய அதுலதான் கட்டிட்டு போனாங்க. இன்னொண்ணு, இருமுடிய நம்மளா தூக்கி வச்சுக்கறது வழக்கம் இல்ல, கூட்டத்த வழிநடத்துற குருசாமியோ கூட வர்ற சாமியோதான் ஏத்தி விடணும் இறக்கி விடணும். எவ்வளவு தெம்பான ஆளா இருந்தாலும் ஒவ்வொரு தடவ உக்காந்து எந்திரிக்கவும் இன்னொருத்தர் கை வேணும், எனக்கு இந்த யாத்திரைல ரொம்ப ரொம்ப பிடிச்ச விஷயம் அதுதான்.

எருமேலில, ஐயப்பனோட முஸ்லிம் தோழரா சொல்ற வாவரோட பள்ளிவாசல்ல கும்பிட்டுட்டு கிளம்பினா பேரூர் தோடு, அப்புறம் காளைகட்டி. மகிஷிங்கற அரக்கிய ஐயப்பன் வதம் பண்ணினத பாக்க வந்த சிவபெருமான் காளைய கட்டின இடம்னு ஐதீகம். அடுத்து அழுதா நதி. அதுல முங்கி ஒரு கல்ல எடுத்து பத்திரமா வச்சுகிட்டு, மேடு ஏறி கல்லிடும் குன்றுல போடணும், மகிஷியோட உடல் அங்க கிடக்குன்னு நம்பிக்கை. தண்ணிக்குள்ள கை விட்டு கல்லு தேடுற, முதல் தடவ மலைக்கு வர்ற கன்னிசாமிங்க முகத்த பாக்கணுமே, அந்த பக்திக்கு முன்னாடி எனக்கு பேச்சே வராது.

நடக்கும்போது கூட்டமா போடுற சரண கோஷத்த பத்தி சொல்லியே ஆகணும். ஒருத்தர் "கல்லும் முள்ளும்"னு எடுப்பாரு, மத்தவங்க "காலுக்கு மெத்தை"ன்னு சொல்லணும், மறுபடி "தேகபலம் தா", "பாதபலம் தா". சத்தமா சொல்லும்போது மூச்சு முழுசா வெளிய போகும், எதிர்க்குரல் வர்றதுக்குள்ள புது மூச்சு உள்ள வரும், காலும் அந்த தாளத்துக்கே விழும். பின்னாடி யாராவது தளர்ந்தா குரல் சன்னமாகிரும், குருசாமி திரும்பி பாக்காமலே நடைய குறைச்சுருவாரு.

இஞ்சிப்பாறைக்கோட்டை, முக்குழி எல்லாம் தாண்டி கரிமலை. ஏழு அடுக்குன்னு சொல்வாங்க, ஏறி முடிச்சாச்சுன்னு நிமிந்தா அடுத்த ஏத்தம் நிக்கும். அங்க யாரு ஆபீசரு யாரு கூலி வேலைன்னு ஒண்ணும் தெரியாது, எல்லாரும் சாமிதான், வயசான அம்மா வந்தா மாளிகப்புரம்னு கூப்பிடுவாங்க. முன்ன பின்ன பாக்காத ஒருத்தர் "சாமி, இப்படி உக்காருங்க சாமி"ன்னு என் கால புடிச்சு நீவி விட்டுட்டு பேரு கூட சொல்லாம சரணம் போட்டுகிட்டே போயிட்டாரு. உச்சில தண்ணி குடிச்சப்ப வந்த நிறைவு இருக்கே, அத எனக்கு வேற எந்த ஊர்ப்பயணமும் குடுத்ததில்ல. இறக்கம்தான் முட்டிய பதம் பாக்கும், அது முடிஞ்சா பெரியானை வட்டம், சிறியானை வட்டம், பம்பை. குளிச்சுட்டு சன்னிதானத்துக்கு நீலிமலை ஏற வேண்டியதுதான்.

போகணும்னு ஆசை இருக்குற சாமிங்களுக்கு, பாதைல ஒரு பகுதி பெரியார் புலிகள் காப்பகத்துக்குள்ள வருது, யானை நடமாடுற காடு. வனத்துறை சொல்ற நேரத்துக்குள்ளதான் உள்ள விடுவாங்க, கூட்டத்த விட்டு தனியா போகாதீங்க, பிளாஸ்டிக் ஒண்ணு கூட எடுத்துட்டு போகாதீங்க. ராத்திரி அழுதால விரில (சாமிங்க தங்குற கொட்டகை) தங்கிட்டு விடிஞ்சதும் மேடு ஏறிருங்க, கரிமலைய இருட்டுறதுக்கு முன்னாடி இறங்கிரலாம்.